கைக்கேற்ற பூட்டு: சங்கக் கணினியின் காவல் பற்றி ஒரு பாடம்

குழித்தறிக்குக் குழி வெட்டும்பொழுது நெய்பவருடைய கால் அளவைப் பார்த்தே ஆழத்தை முடிவு செய்வது வழக்கம். மிதிகட்டை எவ்வளவு தாழ்ந்து தொங்கவேண்டும் என்பதையும் அந்தக் காலே தீர்மானிக்கின்றது. குழி ஆழமாகிவிட்டது, ஆதலால் உமது காலைச் சற்று நீட்டிக்கொள்ளும் என்று நெசவாளியிடம் எவரும் சொல்லியதில்லை. பயிர்த்தொழிலிலும் அவ்வாறே. மண்வெட்டியின் பிடி வெட்டுகிறவனுடைய கைக்கு ஒத்துவரவில்லையென்றால் பிடியைத்தான் மாற்றுகின்றோம்.

நமது சங்கங்களுக்குள் கணினி புகுந்த பின்னர் இந்த நியாயம் தலைகீழாகிவிட்டதோ என்று ஐயுறவேண்டியிருக்கின்றது. கடவுச்சொல்லை மறந்தவர் மறதிக்காரர் எனப்படுகின்றார். கைரேகை விழாதவர் மறுநாள் வரும்படி அனுப்பப்படுகின்றார். ஆங்கிலக் குறுஞ்செய்தியைப் படிக்க முடியாமல் ஏமாந்தவரை, அறியாமையால் கெட்டார் என்று பேசி முடித்துவிடுகின்றோம். பூட்டைச் செய்தவரைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை.

இது சிறிய விஷயமன்று. நாடு முழுவதிலும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க, ரூ.2,516 கோடிச் செலவிலான திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. பெரம்பலூர்ப் பக்கத்து மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காய விவசாயி வாங்கும் பயிர்க்கடனும், அவர் வீட்டுப் பெண்மணி வைக்கும் நகைக்கடனும், ஜெயங்கொண்டம் வட்டாரத்துப் பட்டு நெசவாளியின் கூலியும் இன்று கணினிக் கணக்கிலேயே ஏறி இறங்குகின்றன. கணக்கு எங்கிருக்கின்றதோ அங்கேதான் திருடனும் வருவான். ஆகவே அக்கணக்குக்கு எத்தகைய பூட்டு வேண்டும், அது பொருந்தாதபோது குறை யாருடையது என்பதைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

பழைய விதி ஒன்று

கணினி தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே இக்கேள்விக்கு விடை கூறியவர் ஒருவர் உண்டு. ஒல்லாந்தில் பிறந்து பிரான்சு நாட்டில் மொழியாசிரியராக விளங்கிய கெர்க்காஃப்ஸ் என்பவர், போர்க்களத்தில் தந்தி மூலம் அனுப்பும் இரகசியச் செய்திகள் எவ்வாறு அமையவேண்டும் என்று 1883-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஆறு விதிகளை வகுத்தார். அவற்றுள் இரண்டு நமக்கு மிகவும் வேண்டியவை. திறவுகோலாகிய இரகசியச் சொல், எழுதி வைத்துக்கொள்ளாமலே நினைவில் நிற்கத்தக்கதாயும், வேண்டும்போது மாற்றிக்கொள்ளத்தக்கதாயும் இருத்தல் வேண்டும் என்பது மூன்றாவது விதி. கருவி கையாள எளிதாயிருத்தல் வேண்டும், மனத்துக்குச் சிரமம் தருவதாகவோ நீண்ட விதிவரிசைகளை அறிந்திருக்கும்படி கேட்பதாகவோ இருத்தல் கூடாது என்பது ஆறாவது.

எளிமையைத் தயவாக அவர் கேட்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். குண்டு விழும் இடத்தில் பசியோடும் தூக்கமின்றியும் நிற்கும் போர்வீரன் கடினமான முறையைக் கைவிட்டுச் செய்தியை வெளிப்படையாகவே அனுப்பிவிடுவான். அந்நிலையில் முறை எவ்வளவு வலியதாயினும் பயன் என்ன?

கணினிக் காலத்தில் இதே கருத்து மீண்டும் எழுந்தது. அமெரிக்காவில் சால்ட்சர், ஷ்ரோடர் என்னும் இருவர் 1975-இல் கணினிக் காவலுக்குரிய எட்டுக் கோட்பாடுகளை வெளியிட்டபோது, பயன்படுத்துபவர் மனம் இயல்பாக ஏற்கும்படி காவல் அமையவேண்டும் என்பதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தனர். 1999-இல் விட்டன், டைகர் என்ற இருவர் ஒரு சோதனை நடத்தினர். மின்னஞ்சலைச் சங்கேதமாக்கி அனுப்பும் புகழ்பெற்ற மென்பொருள் ஒன்றைப் பன்னிரண்டு பேரிடம் கொடுத்து, ஒன்றரை மணி நேரம் அவகாசமும் தந்தனர். அனைவரும் மின்னஞ்சல் பழகியவர்கள், படித்தவர்கள். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினரே வேலையைச் சரியாக முடித்தனர். மூவர், காக்கவேண்டிய இரகசியத்தைக் காவலின்றியே அனுப்பிவிட்டனர். அம்மென்பொருளின் கணிதத்தில் பழுதில்லை. படித்தவர் பாடே அவ்வாறெனில், மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டு கைப்பேசியைப் பார்க்கும் நமது மூத்த அங்கத்தினரைக் குறை கூறுவதற்கு எவருக்கு உரிமை இருக்கின்றது?

விரல்

2020 அக்டோபர் முதல் தமிழ்நாடெங்கும் நியாய விலைக் கடைகளில் விரல் ரேகை வைத்துப் பொருள் பெறும் முறை வந்தது. இக்கடைகளுள் மிகப் பெரும்பாலானவற்றை நடத்துபவை கூட்டுறவுச் சங்கங்களே. ஆகையால் இதனைச் சர்க்கார் விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. கருவியின் முன் நிற்பவர் நமது அங்கத்தினர். கருவியைப் பிடித்திருப்பவர் நமது விற்பனையாளர்.

விரல் ரேகையைத் தேர்ந்ததற்குத் தக்க காரணம் உண்டு. அதை வீட்டில் மறந்துவிட்டு வரமுடியாது, எழுத்தறிவும் தேவையில்லை. ஆனால் அம்முறை ஒன்றை மட்டும் எதிர்பார்க்கின்றது. விரல் நுனியில் மேடும் பள்ளமும் தெளிவாக இருக்கவேண்டும்.

நமது மாவட்டங்களின் விரல்களை எண்ணிப் பாருங்கள். ஆண்டிமடம், செந்துறைப் பக்கங்களில் முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்களை அதன் ஓட்டிலுள்ள எண்ணெய் அரித்துவிடும். தோல் உரிந்து கறுத்துப்போகும். பாவு பிணைப்பவர் ஆயிரக்கணக்கான இழைகளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து முறுக்கி முறுக்கி அவ்விரண்டு நுனிகளையும் மழுங்கச் செய்துகொள்கின்றார். கருவி கேட்பவையும் பெரும்பாலும் அவ்விரல்களே! பருத்தி எடுப்போரை முற்றிய காயின் ஓடு கீறுகின்றது. சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் புழங்கும் அரியலூரில் கைத்தோல் வறண்டு வெடிப்பதைச் சொல்லவும் வேண்டுமோ? இவை போதாவென்று முதுமையும் சேர்ந்துகொள்ளும். வயது ஏற ஏற ரேகை தானாகவே தேய்கின்றது. உழைத்தவருடைய விரலையே கருவி அறியாமற்போகின்றது.

இங்கே கருவியின் உட்பொருளைச் சிறிது தெரிந்துகொள்ளுதல் நலம். பதிவிலுள்ள ரேகையும் இப்பொழுது வைத்த ரேகையும் எவ்வளவு ஒத்திருந்தால் போதும் என்பதற்குக் கருவியில் ஓர் அளவுகோல் வைக்கப்பட்டிருக்கும். அது சல்லடைக் கண் போன்றது. கண்ணை நெருக்கமாக்கினால் அயலான் நுழைவது குறையும், உரியவர் பலர் வெளியே தள்ளப்படுவர். கண்ணைப் பெரிதாக்கினால் உரியவர் அனைவரும் நுழைவர், கூடவே அயலானும் வருவான். இவ்விரு பிழைகளையும் ஒருங்கே ஒழித்த கருவி எதுவும் இல்லை. விற்பவர் தம் கருவி நூற்றுக்கு இத்தனை துல்லியம் என்று சொன்னால், எந்தப் பிழையைப் பற்றிச் சொல்லுகிறீர், எத்தகைய விரல்களில் சோதித்தீர் என்று நாம் கேட்கவேண்டும். நகரத்து அலுவலகப் பணியாளரின் விரலில் எடுத்த கணக்கு முந்திரி உடைப்பவரின் விரலுக்குப் பொருந்தாது.

ஆகையால் மாற்று வழி ஒன்று கட்டாயம் இருத்தல் வேண்டும். அதுவும் முதல் வழியைப்போலவே மரியாதையுடையதாய் இருத்தல் வேண்டும். கருவிழியைப் பார்க்கும் கருவி, பதிவான கைப்பேசிக்கு வரும் எண், நடமாட இயலாத முதியவர் தமக்காக இன்னாரை அனுப்புகிறேன் என்று எழுதித் தரும் அங்கீகாரப் படிவம் ஆகியவையெல்லாம் அத்தகைய வழிகளே. அவை ஏட்டில் இருந்து கடையில் இல்லாமற்போவதே தொல்லை. மூன்று முறை விரலைத் துடைத்துத் துடைத்து வைத்து, வரிசையில் நிற்போர் முணுமுணுக்க, வெறும் பையோடு திரும்பும் கிழவிக்குத் திருடனால் வந்த நட்டம் ஒன்றுமில்லை. பூட்டினாலேயே நட்டம் வந்தது.

இனி மறுபக்கம். கெர்க்காஃப்ஸின் மூன்றாவது விதியை நினைவுகூர்க: திறவுகோல் மாற்றத்தக்கதாயிருத்தல் வேண்டும். விரலை மாற்றமுடியுமா? மேலும் நமது ரேகை இரகசியமானதுமன்று. கிரயப் பத்திரத்தில் வைக்கின்றோம், தொட்ட பாத்திரத்தில் பதிக்கின்றோம். 2018-இல் தெலங்கானாவில் ஒருவர், பதிவுத்துறையின் நிலப் பத்திரங்களில் இருந்த விரல் ரேகைகளைக் கொண்டு ரப்பர் அச்சுகள் செய்து, அவற்றால் ஆயிரக்கணக்கான சிம் அட்டைகளை உயிர்ப்பித்ததாகக் காவல்துறையினரால் பிடிக்கப்பட்டார். இதன் பின்னர் ஆதார் ஆணையம், வைக்கப்படுவது உயிருள்ள விரல்தானா என்று பார்க்கும் சோதனையை 2023-இல் சேர்த்தது. தமது ரேகையை எவரும் பயன்படுத்தாதபடி அங்கத்தினர் தாமே பூட்டிவைக்கவும், வேண்டும்போது திறக்கவும் ஆதாரில் வசதி உண்டு. நல்ல வசதிதான். ஆயினும் அதைப் பயன்படுத்தக் கைப்பேசிச் செயலியும், எண் வந்து சேரும் தொடர்பும், படிக்கத் தெரிந்த ஒருவரும் வேண்டும். ரேகையை யாருக்காகக் கொண்டுவந்தார்களோ அவர்களுக்கே இப்பூட்டு எட்டாத உயரத்தில் தொங்குகின்றது.

நினைவு

பணம் வழங்கும் இயந்திரத்தில் நாம் அழுத்தும் இரகசிய எண் ஏன் நான்கு இலக்கமாக இருக்கின்றது என்று எண்ணியதுண்டா? 1967 ஜூன் 27-ஆம் நாள் இலண்டன் மாநகரின் வடபுறத்து என்ஃபீல்டில் பார்க்ளேஸ் வங்கி அத்தகைய இயந்திரம் ஒன்றைத் திறந்தது. அதனை வகுத்த ஷெப்பர்ட் பாரன் நமது ஷில்லாங்கில் பிறந்தவர். தாம் முதலில் ஆறு இலக்கமாக வைக்க எண்ணியதாகவும், வீட்டில் உணவு மேசையருகே மனைவியிடம் கேட்டபோது தமக்கு நான்குதான் நினைவில் நிற்கும் என்று அவர் கூறியதாகவும், அதனாலேயே நான்காயிற்று என்றும் அவர் பின்னாளில் சொன்னார். ஆறு இலக்கமாயின் காவல் கூடுதல் என்பதை அறியாதவர் அல்லர். மறந்துபோகும் எண்ணை மக்கள் அட்டையின் முதுகிலேயே எழுதி வைப்பர் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். எண் சிறிதாயினும் இயந்திரம் சில தவறுகளுக்குப் பின் அட்டையை மறுத்துவிட்டால் திருடன் ஊகித்துப் பார்க்க இடமில்லாமற்போகும். மனிதனின் குறையை இயந்திரம் ஈடுசெய்யும் முறை இது.

பின்வந்தோர் இதை மறந்தனர். அமெரிக்கத் தேசியத் தர நிறுவனம் 2004-இல் வெளியிட்ட வழிகாட்டியைத் தொடர்ந்து, கடவுச்சொல்லில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறி எல்லாம் கலந்திருக்கவேண்டும், அதை அடிக்கடி மாற்றவும் வேண்டும் என்னும் வழக்கம் உலகெங்கும் பரவியது. விளைந்தது யாது? குலதெய்வத்தின் பெயரோடு ஒன்று என்று முடித்தவர்கள், மாற்றும் நாள் வந்ததும் இரண்டு என்று முடித்தார்கள். மற்றவர்கள் நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வைத்தார்கள். அவ்வழிகாட்டியை எழுதியவரே தமது பழைய யோசனை குறித்து வருந்துவதாக 2017-இல் வெளிப்படையாகக் கூறினார். அதே ஆண்டில் அந்நிறுவனமும், வெளிப்பட்டுவிட்டதென்ற அறிகுறியின்றிக் கடவுச்சொல்லைக் காலந்தோறும் மாற்றச் சொல்லலாகாது, குறிகளின் கலவையைவிட நீளமே முக்கியம் என்று விதியை மாற்றிக்கொண்டது. தொடர்பற்ற நான்கு ஐந்து சொற்களைக் கோத்து வைத்துக்கொண்டால் நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் அரிது. சங்கத்தில் இன்றும் மாதந்தோறும் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லும் மென்பொருள் இருக்குமாயின், அது எந்த ஆண்டின் விதியைப் பின்பற்றுகின்றது என்று நிர்வாகக் குழுவினர் கேட்கலாம்.

வாங்குவதற்கும் ஒப்பமா?

கைப்பேசிப் பணத்தில் நமது அங்கத்தினர்கள் ஏமாந்த வகைகளுள் ஒன்று ஆராயத்தக்கது. சின்ன வெங்காயமோ பட்டுச் சேலையோ வாங்குவதாக ஒருவன் தொலைபேசியில் பேசுவான். முன்பணம் அனுப்பியிருக்கிறேன், திரையில் வந்ததைத் தொட்டு உமது இரகசிய எண்ணைப் போட்டால் பணம் சேரும் என்பான். உண்மையில் அவன் அனுப்பியது பணம் கேட்கும் விண்ணப்பம். எண்ணை அழுத்தியதும் பணம் இவரிடமிருந்து அவனுக்குப் போய்விடும்.

பணம் பெறுவதற்கு எண் வேண்டியதில்லை என்பதுகூடத் தெரியாதா என்று பலர் கேட்டனர். நான் அவ்வாறு கேட்கமாட்டேன். சங்கத்தில் கடன் தொகை வாங்கும்போது நாம் என்ன செய்கின்றோம்? ரசீதில் கையொப்பம் இடுகின்றோம், அல்லது இடது பெருவிரல் ரேகை வைக்கின்றோம். கூலி வாங்கினாலும் ஒப்பம், போனஸ் வாங்கினாலும் ஒப்பம். பணம் வாங்குகிறவனே ஒப்பமிடவேண்டும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொடுத்தவர்கள் நாமே. அப்படிப் பழகிய ஒருவர் கைப்பேசி ஒப்பம் கேட்டபோது அதனை இயல்பாக எடுத்துக்கொண்டார். அவருடைய அறிவு அவரைக் கைவிடவில்லை. அவர் கற்றிருந்த நேர்மையான வழக்கத்தையே திருடன் பயன்படுத்திக்கொண்டான்.

இதற்கெதிராக ஆண்டுக்கணக்கில் விளம்பரங்கள் வெளிவந்தன. குறுஞ்செய்திகளும் வந்தன, அவற்றுள் பல ஆங்கிலத்தில். கடைசியில், யு.பி.ஐ. முறையை நடத்தும் இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம், தனியாள் ஒருவர் மற்றொரு தனியாளிடம் பணம் கேட்டு விண்ணப்பம் அனுப்பும் வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. திருடன் நுழைந்த வாசலை மூடியது, வாசலில் ஒட்டிய எச்சரிக்கைகள் அனைத்தினும் மேலான காரியம். ஆனால் சித்திரக் கட்டத்தைக் கைப்பேசியால் படம்பிடித்தால் பணம் வரும் என்னும் ஏமாற்று இன்னும் ஓயவில்லை. படம்பிடிப்பதும் எண் போடுவதும் பணம் கொடுப்பதற்கே என்பதை அங்கத்தினர்கள் மனத்தில் கொள்ளவேண்டும்.

இன்னொரு நடைமுறையையும் வகுப்போர் மறந்துவிடுகின்றனர். இரகசிய எண்ணை எவருக்கும் சொல்லாதீர் என்பது சட்டம். கண் மங்கிய பாட்டனார் பேரனிடம் சொல்லாமல் எப்படிப் பணம் கொடுப்பார்? குடும்பத்தில் ஒருவர் மற்றவருக்குத் துணை செய்வது நமது வாழ்க்கை முறை; அதைக் குற்றமாக்கினால் சட்டந்தான் தோற்கும். 2024 ஆகஸ்டில் வந்த யு.பி.ஐ. சர்க்கிள் என்னும் ஏற்பாடு இதைச் சரியாகப் புரிந்துகொண்டது. நம்பகமான ஒருவர் நமது கணக்கிலிருந்து, மாதத்துக்கு ரூ.15,000 என்ற உச்ச வரம்புக்குள் நாம் குறித்த அளவுவரை, நமது இரகசிய எண்ணை அறியாமலே செலவிட இதில் வழியுண்டு. பாட்டனார் பெட்டிச் சாவியைக் கொடுக்காமல் சந்தைச் செலவுக்கு மட்டும் எண்ணிக் கொடுப்பது போன்றது இது.

ஏமாந்தபின் செய்யவேண்டியதையும் சொல்லிவிடுகின்றேன். 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைத்துப் புகார் பதிவு செய்க; வங்கிக்கும் அறிவிக்க. ரிசர்வ் வங்கி 2017 டிசம்பர் 14 அன்று கூட்டுறவு வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், வாடிக்கையாளரோ வங்கியோ காரணமாகாமல் மூன்றாமவரால் நேர்ந்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நட்டமில்லை என்றும், தவறு வாடிக்கையாளருடையதே என மெய்ப்பிக்கும் பொறுப்பு வங்கியினுடையது என்றும் வகுத்தது. இது மத்தியக் கூட்டுறவு வங்கிக் கணக்குக்குரியது. தொடக்கச் சங்கம் ரிசர்வ் வங்கியின் ஆளுகைக்குள் வராது என்பதை அங்கத்தினர் பலர் அறியார். அங்குள்ள சேமிப்புக்கு நமது நிர்வாகக் குழுவின் விழிப்பே முதற்காவல்.

இரட்டைப் பூட்டு

நமது சங்கங்களில் இரும்புப் பெட்டிக்கு இரண்டு பூட்டு உண்டு. சாவிகள் இருவரிடம் இருக்கும். இருவரும் கூடினாலன்றிப் பெட்டி திறவாது. நகைக்கடன் பொட்டலங்கள் அவ்வாறே காக்கப்படுகின்றன. ஒருவர் பதிவு செய்ய, மற்றொருவர் சரிபார்த்து ஒப்புக்கொண்டபின்னரே கணக்கு ஏறும் என்று கணினியிலும் இதே ஏற்பாட்டை அமைக்கலாம், அமைத்துமிருப்பர். ஆனால் காரியதரிசி விடுப்பில் சென்ற ஒரு நாள் வேலை தடைப்படும். வாசலில் உரத்துக்கும் கடனுக்கும் ஆட்கள் காத்திருப்பர். அவர் தொலைபேசியில் தம் கடவுச்சொல்லைச் சொல்லுவார். அன்றோடு இரு பூட்டுகளின் சாவியும் ஒரே கையில் சேர்ந்துவிடும். பிற்பாடு அதை எவரும் திருப்பி வாங்குவதில்லை. தணிக்கையில் இது வெளிப்பட்டால் ஊழியரைக் கண்டிப்பார்கள். விடுப்பு நாளில் யார் ஒப்புதல் தருவது என்பதற்கு மென்பொருளில் ஏன் வழி வைக்கவில்லை என்பதையும் விசாரித்தால்தான் அடுத்த விடுப்பில் அது நடவாமலிருக்கும்.

ஆதலின் புதிய மென்பொருளோ கருவியோ சங்கத்துக்கு வரும்போது, நிர்வாகக் குழு ஒப்பமிடுவதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கவேண்டும் என்பது எனது யோசனை. விற்பவரின் ஆட்களை ஓரமாக அமரச் செய்து, அவர்கள் வாய் திறவாதிருக்க, நமது அங்கத்தினர் பத்துப் பேரைக் கருவியைக் கையாளச் செய்யவேண்டும். பாவு பிணைப்பவர் ஒருவர், முந்திரி உடைப்பவர் ஒருவர், எழுத்தறியாத மூதாட்டி ஒருவர், பொத்தான் கைப்பேசி மட்டுமே வைத்திருப்பவர் ஒருவர் அவர்களுள் இருக்கட்டும். எத்தனை பேர் எவர் துணையுமின்றி முடித்தனர், எத்தனை பேர் எங்கே தடுமாறினர் என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைக்கவேண்டும். ரேகை விழாதவருக்கு என்ன வழி, எண் மறந்தவருக்கு எத்தனை நாளில் புதிய எண், திரையிலுள்ள எச்சரிக்கை தமிழில் உண்டா, மின்சாரமோ சர்வரோ நின்றால் அன்றைய வரவு செலவு எவ்வாறு என்பவற்றுக்கு விடைகளை எழுத்தில் பெறவேண்டும். சோதனைக்கு வருவோருள் ஒருவராவது கண்ணாடியை வீட்டில் மறந்து வந்தவராயிருத்தல் நலம்.